தைப்பிங்கில் துணி காயாது

"தைப்பிங்ல துணியே காயாதுடி!"

மீன் குழம்புச் சட்டியை மேசை மேல் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள் கல்சோம். குழம்பு தளும்பி விரிப்பில் விழுந்தது. அதை அவள் துடைக்கக்கூட இல்லை.

"காலையில வெயில் அடிக்குதேன்னு நம்பிக் கொடியில போடு... மத்தியானம் கொட்டும். சரி, விட்டுதேன்னு திரும்பப் போடு... சாயங்காலம் மறுபடி கொட்டும். பொறக்கப் போற குழந்தைக்கு ஈரத் துணியாடி கட்டுவே?"

"ஈப்போலயும் மழை பெய்யும்மா..." என்றாள் ஹயாத்தி, எட்டு மாத வயிற்றோடு நாற்காலியில் சாய்ந்தபடி.

"அது ஊருக்கு ஏத்த மழை. தைப்பிங்ல பெய்யறது பைத்தியக்கார மழை!"

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள் கல்சோம். எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் டெராமான் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

குவாலா கிராயில் எங்கள் ஆற்றங்கரையில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். ஹயாத்தி பள்ளிக்கூட ஆசிரியை. அவள் புருஷன் கடற்படையில் இருக்கிறான். அவனைப் பேராக் மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாதக்கணக்கில் கப்பலோடு போய்விடுகிறவன் அவன். அதனால் ஹயாத்தியும் அந்த மாநிலத்துக்கே மாற்றல் கேட்டாள். கிடைத்தது. ஒரு இடம் ஈப்போவில், ஒரு இடம் தைப்பிங்கில். எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் வெள்ளம் புகுந்து, போன தடவை பாதிச் சுவரையும் கொண்டுபோய்விட்ட வீட்டில் இனி என்ன இருக்கிறது? அப்பா, அம்மா இரண்டு பேருமே மகளோடு போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. எந்த ஊர் என்பதுதான் முடிவாகவில்லை.

"தைப்பிங் அமைதியான ஊரு," என்றான் டெராமான் மெதுவாக. "ஏரி இருக்கு. சுத்தி நடக்கலாம்."

"ஏரி மட்டுமா இருக்கு?" என்றாள் கல்சோம்.

பின்பக்கக் கதவு திறந்தது. கையில் காலித் தட்டோடு மாக் சூ வந்தாள். டெராமானின் கடைசித் தங்கை, பக்கத்து வீடு. தினம் காலையில் இந்த வீட்டுக் குழம்பில்தான் அவளுக்குப் பசியாறல். குழம்பை வாங்கிக்கொண்டு குத்தலைக் கொடுத்துவிட்டுப் போவது அவள் வழக்கம்.

"இன்னுமா முடியலை உங்க பஞ்சாயத்து? ஈப்போக்காரனைக் கேட்டா, தைப்பிங் கிழவனுங்க தூங்குற ஊருங்கிறான். தைப்பிங்காரனைக் கேட்டா, மாநிலத் தலைநகரா இருந்தது நாங்க, ஈப்போக்காரன் தட்டிப் பறிச்சுட்டான்ங்கிறான். எங்கே போனாலும் முதல்ல இருந்தவளுக்கும் பின்னால வந்தவளுக்கும் சண்டைதான்... இல்லையா அண்ணி?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். கல்சோமும் சிரித்துக்கொண்டே அவள் தட்டில் குழம்பு ஊற்றினாள். சூடான குழம்பு மாக் சூவின் விரலில் பட்டது. தெரியாமல் பட்டது என்று கல்சோம் பின்னால் சொன்னாள். நான் நம்பவில்லை.

முதலில் இருந்தவள் ஸலேஹா. டெராமானின் முதல் மனைவி, ஹயாத்தியைப் பெற்றவள், தைப்பிங்காரி. குழந்தை பால்குடி மறக்கும் முன்பே அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். மணவிலக்கு ஆயிற்று. அடுத்த வருஷமே பக்கத்துத் தெருக் கல்சோம் டெராமானுக்கு மனைவியாகி, அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஊர் சும்மா இருக்குமா? "பச்சைப் பிள்ளைக்காரியை விரட்டிட்டு உள்ளே புகுந்துட்டா" என்று சொன்னது. அதைக் கேட்காத மாதிரியே கல்சோம் சந்தையில் மீனும் கருவாடும் விற்று, குழந்தையைப் படிக்கவைத்து, ஆசிரியையும் ஆக்கிவிட்டாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் ஊர் ஒரு காரணம் சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் இந்தப் பெண்ணை மட்டும் யாருக்கும் கொடுக்க அவளால் முடியாது. எங்கள் வழக்கத்தில், பிள்ளை பெற்றவளை நாற்பத்து நாலு நாள் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பது அம்மாவின் உரிமை. சூடு காட்டிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒத்தடம் கொடுப்பதும், நீளத் துணியால் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் அம்மாவின் கைதான். அந்தக் கல்லை எவள் வைக்கிறாள் என்று பார்த்தே ஊர் சொல்லிவிடும், இவள்தான் அம்மா என்று. தைப்பிங் போனால் அந்தக் கல்லை ஸலேஹா கேட்பாள். கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? பெற்றவள் அல்லவா!

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. எங்கள் வீடுகள் கால்கள் மேல் நிற்கிற பலகை வீடுகள். வீட்டுக்கு அடியில் வைத்திருந்த துணித் தொட்டியை எடுக்கக் குனிந்தாள் கல்சோம். தலைக்கு மேலே, பலகை இடுக்கு வழியாகப் பேச்சு கேட்டது.

"அப்பா, அம்மாவோட மது தைப்பிங்ல தயாரா இருக்கு," என்றாள் ஹயாத்தி. "எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கு, பாவம்."

"இப்போ சொல்லிடாதே," என்றது டெராமானின் குரல். "சொன்னா அவ கிளம்பவே மாட்டா. அங்கே போய் நேர்ல பார்த்துக்கட்டும்."

மது என்றதும் கள்ளையும் சாராயத்தையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மலாய்ப் பேச்சில் மது என்றால் தேன். சக்களத்திக்கும் அதே சொல்தான். எந்தப் புண்ணியவான் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தானோ... நிச்சயம் அவன் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும். தைப்பிங்கையும் மதுவையும் ஒரே மூச்சில் கேட்ட ஒரு பெண்ணுக்குத் தேனா ஞாபகம் வரும்?

கல்சோம் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியானால் இதுதான் ஏரியின் அழகா! விட்ட மனைவியை மறுபடி சேர்த்துக்கொள்ளப் போகிறார். அதற்கு வளர்த்த மகளே தூது! மேலே போய் நேராகக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகவே தெரிந்தது. டெராமான் முடி வெட்டிக்கொண்டான். 'யாருக்காக?' சட்டையை இஸ்திரி போடச் சொன்னான். 'யார் பார்க்க?' வழக்கமாகச் சாப்பிடும்போது பேசாதவன், ஒரு நாள் தானாகவே "குழம்பு நல்லா இருக்கு" என்றான். அன்றைக்குத்தான் கல்சோம் பின்பக்கம் போய் வாய்விட்டு அழுதாள். ஒரு தடவை கண்ணாடி முன் நின்று முக்காட்டை அவிழ்த்துப் பார்த்தாள். ஸலேஹாவுக்கு அந்தக் காலத்தில் இடுப்பைத் தாண்டிய முடி. இப்போதும் இருக்குமோ? இருக்கும். உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு முடி ஏன் கொட்டுகிறது!

வியாழக்கிழமை காலை எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"தைப்பிங்கே சொல்லிடு யாத்தி."

ஹயாத்தியின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைப் பார்த்த கல்சோமின் நெஞ்சு இன்னும் எரிந்தது. "நெஜமாவாம்மா? துணி காயாதே?"

"காயாட்டிப் போகுது. நான் வந்து உன்னை விட்டுட்டுச் சாயங்கால பஸ்ல திரும்பிடுவேன். இங்கே சூவோட இருந்துக்குவேன்."

"என்னோடயா!" என்று அலறினாள் மாக் சூ.

"என்னம்மா பேசுறீங்க? எனக்குக் குழந்தை பொறக்கப் போகுது... நீங்க இல்லாம எப்படி?"

"பார்க்க அங்கே ஆள் இருக்கு." முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டெராமான் பின்னாலேயே வந்தான். "என்னடி உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் உங்களுக்குத்தான்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பெண் மனசு புரியாத ஆண்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் டெராமான் அளவுக்குப் புரியாதவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே டெராமான் சாமான்களை ஏற்றித் தன் பழைய வேனை எடுத்தான். வேடிக்கை பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மாக் சூவும் ஏறிக்கொண்டாள். மலைச் சாலை முழுக்க கல்சோம் ஒரு துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். யார் கேட்டும் கீழே வைக்கவில்லை. மலை இறங்கி, தைப்பிங் ஏரிக்கரை வந்தது. கிழட்டு மரங்கள் சாலைக்கு மேலே கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றன. அழகாகத்தான் இருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வானத்தைப் பார்த்து, "கருக்குது பாரு," என்றாள்.

ஒரு சந்துக்குள் கடைசி வீட்டின் முன்னால் ஹயாத்தி வேனை நிறுத்தச் சொன்னாள். வாசலில் ஸலேஹா நின்றிருந்தாள்.

கல்சோம் முதலில் முடியைத்தான் தேடினாள். முக்காட்டின் ஓரத்தில் தெரிந்ததெல்லாம் நரை. முகம் ஒட்டிப்போயிருந்தது. முன்பல் ஒன்று இல்லை. அப்பாடா என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அடுத்த கணமே, 'இவளுக்காகவா!' என்று இரண்டு மடங்கு கோபம் வந்தது. அழகிக்காக விட்டுப் போனாலாவது ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

"வா கல்சோம்... உள்ளே வா," என்றாள் ஸலேஹா. ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

கல்சோம் வாசல் நடையிலேயே உட்கார்ந்து துணிப்பையைத் திறந்தாள். ஒத்தடக் கல்லை எடுத்து ஸலேஹாவின் காலடியில் வைத்தாள்.

"இந்தா. ரொம்பச் சூடு காட்டாதே, அவளுக்குத் தோல் மெல்லிசு. துணியை ரெண்டு சுத்துச் சுத்தி அப்புறம் வை. இது இடுப்புக்குக் கட்டற துணி... நானே தைச்சேன். இறுக்கிக் கட்டினா அழுவா. அழுதாலும் விடாதே. சின்ன வயசுலயும் மருந்துன்னா அப்படித்தான் அழுவா..." அதற்கு மேல் கண்ணீர் வந்துவிட்டது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "அவருக்கு உப்புல ஊறின மீன் சாறு இல்லாம சோறு இறங்காது. இந்த ஊர்ல நல்லதாக் கிடைக்காது, ரெண்டு போத்தல் வெச்சிருக்கேன். ராத்திரி இருமுவார், வெந்நீர் குடு. அவ்வளவுதான். நான் வர்றேன்."

"எங்கேடி வர்றே?" என்றான் டெராமான் திகைத்துப்போய். "எனக்கு ஏன் இவங்க வெந்நீர் குடுக்கணும்?"

"நடிக்காதீங்க! என் காதால கேட்டேன். பலகைக்குக் கீழேதான் நின்னுக்கிட்டிருந்தேன். தைப்பிங்ல என்னோட மது தயாரா இருக்குன்னு இவ சொல்றா, இப்போ சொல்லாதேன்னு நீங்க சொல்றீங்க! யா அல்லாஹ்... ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருந்தா நானே ஒதுங்கியிருக்க மாட்டேனா? மகளை விட்டா என்னை ஏமாத்தணும்?"

 டெராமான் மகளைப் பார்த்தான். ஹயாத்திதான் முதலில் அசைந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"ஐயோ என் அம்மா... சின்னம்மா, போய் எடுத்துட்டு வாங்க. என் அம்மாவோட மதுவை எடுத்துட்டு வாங்க!"

சின்னம்மா. பெற்றவளை அவள் கூப்பிட்ட பெயர் அது. கல்சோமுக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை.

ஸலேஹா உள்ளே போய் ஒரு தாம்பாளத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். அது நிறையச் சின்னச் சின்னப் போத்தல்கள். சிலது பொன் நிறம், பழையது கிட்டத்தட்டக் கறுப்பு.

"கொட்டாத தேனீ வளர்க்கிறேன், வீட்டுக்குப் பின்னால. மரப்பெட்டியில. ஒவ்வொரு வருஷமும் முதல்ல எடுக்கிற தேனை உனக்குன்னு ஒதுக்கி வெப்பேன் கல்சோம். ஆனா எப்படி அனுப்புவேன், சொல்லு? விட்டுட்டுப் போனவ, வாழுறவளுக்கு மது அனுப்பினாளாம்னு ஊரு சிரிக்காதா? நீ என்ன நினைப்பே? அப்படியே வெச்சு வெச்சு... இவ்வளவு ஆயிடுச்சு."

மாக் சூவால் பொறுக்க முடியவில்லை. "நல்லா இருக்கு கதை! குடியைக் கெடுத்தவளுக்குத் தேனா? உன்னை விரட்டிட்டு உன் இடத்துல உட்கார்ந்தவ இவ! உனக்கு ரோஷமே கிடையாதா?"

"யாரு விரட்டினது?"

ஸலேஹாவின் குரல் சட்டென்று மாறியது. தயக்கமெல்லாம் போய்விட்டது.

"கேட்டுக்கோ சூ. இத்தனை வருஷமா இவ உங்களுக்குச் சொல்லாததை நான் சொல்றேன். பிள்ளை பெத்த பிறகு எனக்குப் புத்தி பிசகிடுச்சு. எனக்கு அம்மா கிடையாது. ஒத்தடம் குடுக்கவோ, கூடப் படுக்கவோ ஆள் கிடையாது. உங்க அண்ணன் வண்டியோட போயிடுவாரு. யாரோ காதுல பேசுற மாதிரி இருக்கும். ஒரு நாள் குழந்தையைத் தொட்டிலோட தூக்கிட்டுப் போய் ஆத்துப் படியில வெச்சுட்டு... வந்துட்டேன். வெள்ளம் ஏறிக்கிட்டிருந்த மாசம். வீட்டுக்கு வந்து அரிசி களைஞ்சேன். குழந்தை ஞாபகமே இல்லை எனக்கு."

மாக் சூவின் கை வாய்க்குப் போயிற்று.

"கீழ்ப் படியில துணி துவைச்சுக்கிட்டிருந்தது இவதான். தண்ணி தொட்டிலைத் தூக்கறதுக்குள்ள ஓடி வந்து எடுத்தா. முக்காட்டை அவுத்துக் குழந்தையைச் சுத்தி மாருல அணைச்சுக்கிட்டா. கேட்டவங்ககிட்ட, எனக்குக் காய்ச்சல், அதான் குழந்தையை வெச்சிருக்கேன்னு சொன்னா. அப்புறம் எங்கப்பா வந்து என்னைக் கூட்டிட்டுப் போனாரு. குணமாக ரொம்ப வருஷம் ஆச்சு. அந்தக் குழந்தை இவளை விட்டா யார்கிட்டயும் போகாம கத்தினதால, உங்க அண்ணன் போய் இவளைக் கெஞ்சிக் கட்டிக்கிட்டாரு. வளர்ந்ததும் பெத்தவளே ஆத்துல விட்டான்னு இந்தப் பொண்ணு கேட்டுடக் கூடாதுன்னு, அவர்கிட்டச் சத்தியம் வாங்கினா. புருஷனைப் பறிச்சவன்னு பேரு வாங்கினது அதுக்காகத்தான். என் மானத்தையும் சேர்த்து இவதான் சுமந்தா!"

"எதுக்கு இதெல்லாம்..." என்று முனகினாள் கல்சோம். மகளை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. "யாத்தி... நீ இதைக் கேட்டிருக்கக் கூடாதும்மா. அவ வேணும்னு செய்யலை, அது நோவு..."

"எனக்குத் தெரியும்மா." ஹயாத்தி மெல்லக் கீழே உட்கார்ந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். "போன விடுமுறையில தேடி வந்து நானே கேட்டேன். ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்கன்னு. எல்லாம் சொன்னாங்க. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லைம்மா... எனக்கும் அந்த நோவு வந்துட்டா? அவர் கப்பல்ல இருப்பாரு. அது எப்படி ஆரம்பிக்கும்னு சின்னம்மாவுக்குத் தெரியும். வந்தா எப்படி விடாமப் பிடிச்சுக்கணும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு ரெண்டு பேரும் வேணும்மா. ஈப்போல நீங்க மட்டும்தானே இருப்பீங்க... அதான் தைப்பிங். வேற ஒண்ணுமே இல்லை."

கல்சோம் அவளை இறுக்கிக்கொண்டாள். அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒன்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. இத்தனை நாள் நெஞ்சை அரித்தது லேசில் போய்விடுமா?

"கல்லை யார் வைக்கிறது?"

"நீதான் வைக்கணும்," என்றாள் ஸலேஹா. கீழே கிடந்த கல்லை எடுத்து, முக்காட்டு நுனியால் துடைத்து, கல்சோமின் மடியிலேயே வைத்தாள். "நான் ஓரமா உட்கார்ந்து அவ கண்ணை மட்டும் பார்த்துக்கறேன். அது போதும் எனக்கு."

அப்போதுதான் கல்சோம் அவளை நன்றாகப் பார்த்தாள். நரையையோ பல்லையோ அல்ல. அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். மாக் சூ மூக்கைச் சிந்தியபடி, "அண்ணி... என் வாயில புழுப் பூக்கணும் அண்ணி," என்றாள்.

"பூக்கட்டும்," என்றாள் கல்சோம் அழுகையினூடே. உடனே மன்னித்துவிட அவள் ஒன்றும் வானத்துத் தேவதை இல்லை.

ஒரு கறுத்த போத்தலைத் திறந்து ஸலேஹா அவள் உள்ளங்கையில் ஊற்றினாள். நக்கிப் பார்த்த கல்சோம் முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குதே!"

"இந்த ஈயோட தேன் புளிக்கத்தான் செய்யும்."

"பேருக்கு ஏத்த ருசிதான்," என்றாள் கல்சோம். டெராமான் சிரித்தான். அவள் முறைத்ததும் நிறுத்திக்கொண்டு, "பஸ்சுக்கு நேரமாகுதா?" என்று கேட்டுவைத்தான்.

பதில் வருவதற்குள் தகரக் கூரை மேல் சடசடவென்று விழுந்தது மழை. "ஐயோ, குழந்தைத் துணி!" என்று ஸலேஹா பின்பக்கம் ஓடினாள். பிறக்கப் போகிற பேரக் குழந்தைக்காக முன்கூட்டியே துவைத்துப் போட்ட துணிகள் கொடி நீளத்துக்கு வரிசையாகத் தொங்கின. கல்லை மகள் கையில் திணித்துவிட்டுக் கல்சோமும் ஓடினாள். இந்தப் பக்கமிருந்து ஒருத்தி, அந்தப் பக்கமிருந்து ஒருத்தி, கவ்விகளைப் பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, துணிகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். நடுக்கொடியில் சந்திக்கும்போது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"சொன்னேனா இல்லையா! இந்த ஊர்ல துணி காயாதுன்னு சொன்னேனா இல்லையா!" கல்சோமின் குரல் மழையை மீறி வீடு வரை கேட்டது. "கொடியைக் கொண்டுபோய் யாராவது வெட்டவெளியில கட்டுவாங்களா? நாளைக்குக் காலையில முதல் வேலையா இதை அவுத்துக் கூரைக்கடியில கட்டறேன் பாரு!"

பின்வாசலில் நின்றிருந்த ஹயாத்தி, ஒத்தடக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டீங்களாப்பா? நாளைக்காம்."